பிடிக்காமல் நின்றவர்

கடைசி மூன்று இடங்களுக்குள் புரோ கபடி சீசனை முடித்த அணிக்கு ஒரு பலிகடா தேவைப்படும். நம் அணிக்கு இந்த முறை சிக்கியவர் இடது கார்னர். டீக்கடையில் தொடங்கி டிவி ஸ்டூடியோ வரை ஒரே புகார்: "அவன் போகவே மாட்டேங்கிறான்." கால் நீட்டினாலும் பாயவில்லை, ரெய்டர் முதுகைக் காட்டினாலும் பாயவில்லை, எருமை மாதிரி நிற்கிறான் என்று ஒரு முன்னாள் ஆட்டக்காரரே மைக்கில் சொன்னார். ரெய்டர் தரப்பில் யார் யார் எங்கெங்கே சொதப்பினார்கள் என்பதை எல்லோரும் வசதியாக மறந்தாயிற்று. நம் அணி தோற்ற ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற பைத்தியக்காரர்களில் நானும் ஒருவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: இந்த அணியில் நிலைமை புரிந்து ஆடியவர் அவர் ஒருவர்தான்.

எந்த ஆட்டம் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் போனது என்பது உங்களுக்கே தெரியும். நான் பார்க்கச் சொல்வது ஒரே ஓர் இடத்தை. எதிரணியின் மூன்றாவது ரெய்டு, டூ ஆர் டை. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியாயிற்று; இந்த முறையும் அப்படித் திரும்பினால் ரெய்டர் அவுட், நமக்கு ஒரு புள்ளி. மேட்டில் நம் ஆட்கள் ஐந்து பேர். ஆறு பேர் இருந்தால்தான் போனஸ் என்பதால் அந்தக் கதவும் மூடியாயிற்று. வந்தவர் யாரையாவது தொட்டே ஆக வேண்டும், கையில் இருப்பது 30 விநாடி. இப்போது சொல்லுங்கள், அவசரம் யாருக்கு?

அந்த நேரத்தில் எல்லோரும் ரெய்டரைப் பார்ப்பார்கள். நீங்கள் நம் கார்னரின் கால்களைப் பாருங்கள். வலது கால் அரை அடி முன்னால், குதிகால் மேட்டில் படாது. கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும், விரல்கள் விரிந்தே இருக்கும். பார்வை ரெய்டரின் இடுப்பில். கையைக் காட்டி ஏமாற்றலாம், காலை ஆட்டி ஏமாற்றலாம். எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பதை இடுப்பால் மறைக்க முடியாது. ரெய்டர் ஓரடி உள்ளே வந்தால் இவர் அரை அடி பின்வாங்குவார். பின்வாங்க இடமா இருக்கிறது? போனஸ் கோட்டுக்கும் பின் எல்லைக்கும் நடுவே 1.75 மீட்டர்தான். பக்கத்தில் லாபி, ரெய்டர் யாரையும் தொடாதவரை அதில் கால் வைத்தால் பிடிக்கிறவரே அவுட். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு கோட்டையும் மிதிக்காமல், கீழே பார்க்காமல், இருபது விநாடிக்கு மேல் அரை அடி அரை அடியாக நகர்ந்துகொண்டிருக்கிற மனிதரைத்தான் சும்மா நிற்கிறார் என்கிறோம்.

இருபத்திரண்டாவது விநாடி வாக்கில் ரெய்டருக்கு வேறு வழியிருக்காது, ஆழமாக வந்துதான் தீர வேண்டும். வந்தபின் திரும்ப வேண்டும். திரும்பும்போது உடம்பின் முழு எடையும் ஒரே காலில் இறங்கும். நம் கார்னர் காத்திருப்பது அந்த ஒற்றைக் காலுக்குத்தான். அப்போது விழுகிற கணுக்கால் பிடியில் ரெய்டருக்கு இழுக்கவும் பலம் இருக்காது, தாவவும் தோதிருக்காது.

நம் அணியில் அந்த இருபத்திரண்டாவது விநாடி வந்தால்தானே! பதினைந்தாவது விநாடியிலேயே வலது கவர் பறந்துவிடுவார். முன்னேறிப் போய் இடுப்பைக் கட்டுகிற அந்தப் பாய்ச்சல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பிடி விழுந்தால் அரங்கமே எழுந்து நிற்கிறது. விழாதபோது? ரெய்டர் லேசாக ஒதுங்குவார், கவரின் தோளைத் தொட்டுக்கொண்டே நடுக்கோட்டுப் பக்கம் சரிவார், போனவரைத் தனியே விடக்கூடாது என்று பக்கத்தில் நிற்பவரும் விழுந்தடித்துக்கொண்டு போவார். ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. அதற்கப்புறம் டிவியில் ரீப்ளே. ரீப்ளே எப்போதும் கடைசி மூன்று விநாடியில்தான் ஆரம்பிக்கும். அதில் தெரிவது என்ன? இரண்டு பேர் உயிரைக் கொடுத்து மேட்டில் கிடக்கிறார்கள், ஒருவர் மட்டும் ஓரமாக நிற்கிறார். பழி நின்றவர் தலையில். முந்தைய பதினைந்து விநாடியைச் சேர்த்துப் போட்டால் கதையே வேறாகத் தெரியும். விளம்பரத்துக்கு நடுவே அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

புள்ளிவிவரமும் அவருக்குத் துணை வரவில்லை. பிடித்தால் டேக்கிள் பாயிண்ட், ஒரே ஆட்டத்தில் ஐந்து சேர்ந்தால் ஹை ஃபைவ். பாயாமல் நின்று ரெய்டரை வெறுங்கையோடு அனுப்பினால் அது எந்த கேட்சர் பெயரிலும் ஏறாது. எதிரணி முதல் இரண்டு ரெய்டிலும் நம் இடது பக்கம் வராமல் வலது பக்கமே சுற்றிச் சுற்றிப் பாடியதற்கு யார் காரணம்? அதற்கு ஒரு கட்டம் போட்டு எந்த அட்டவணையிலும் காட்ட மாட்டார்கள். விலையைத் தீர்மானிக்கிறவர்களோ அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள். அணி நிர்வாகத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் இதை யோசித்ததாகவே தெரியவில்லை. கார்னர் மேட்டில் இருந்தபோது எதிரணிக்கு எத்தனை எம்ப்டி ரெய்டு, அவர் வெளியே இருந்தபோது எத்தனை என்று ஒரு சாயங்காலம் எண்ணினால் போதும்.

இந்தப் பாயும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாததா? கோயில் திருவிழா, பொங்கல் ஆட்டம், ராத்திரி பதினோரு மணி, நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட், மண் தரை. ஒரு நல்ல கேட்ச் விழுந்த நிமிடத்தில் மைக் அலறும்: "இந்த அருமையான பிடிக்கு நமது ஊர்ப் பெரியவர் அன்பளிப்பு நூறு ரூபாய்!" பையன் ஓடிப்போய் நோட்டை வாங்கி ஜட்டிக்குள் செருகிக்கொண்டு திரும்பி வருவான். பாய்ந்தவனுக்குத்தான் நோட்டு. ரெய்டரை முப்பது விநாடி அலைக்கழித்து மூச்சு வாங்க அனுப்பியவனுக்கு எந்த ஊரிலும் எந்தப் பெரியவரும் ஐந்து ரூபாய் கொடுத்ததில்லை. அந்த மண்ணில் வளர்ந்த கை துறுதுறுக்கத்தான் செய்யும். வலது கவரை நான் குறை சொல்வதுகூட அரை மனதோடுதான். அவரை அடக்கியிருக்க வேண்டியது பயிற்சியாளர். டைம் அவுட் எடுத்து "பாய்ஸ், எனர்ஜி, எனர்ஜி" என்று கத்துகிறார். நம் அணியிடம் இல்லாமல் போன ஒரே சரக்கு பொறுமை.

ஒரு பாய்ச்சல் தவறினால் என்ன ஆகிறது என்பதையும் யோசியுங்கள். புள்ளி போவது இருக்கட்டும், ஆள் போகிறார். போனவர் திரும்பி வர நாம் புள்ளி எடுக்க வேண்டும். அதுவும் அவுட் ஆன வரிசைப்படிதான் உள்ளே வரலாம். கார்னர் மூன்றாவதாக வெளியேறினால் அவருக்கு முன்னால் இரண்டு பேர் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். அதற்குள் எதிரணி இன்னும் இரண்டு ரெய்டு வந்துவிட்டுப் போகும், கதை ஆல் அவுட்டில் முடியும், கூடுதலாக இரண்டு புள்ளி தாரை வார்ப்போம். இந்த சீசனில் நம் ஆல் அவுட்கள் பாதிக்கு மேல் இப்படித் தொடங்கியவை என்பது என் கணிப்பு. சூப்பர் டேக்கிளில் மீட்டுவிடலாமே என்பார்கள். மூன்று பேர் மிஞ்சியிருக்கும்போது எதிரணி ரெய்டர் எதற்கு உள்ளே வரப்போகிறார்? பாக் லைனைத் தாண்டிவிட்டுத் திரும்பி ஓடுவார். முன்னிலையில் இருப்பவருக்கு நேரம் கழிந்தால் போதும்.

அவரிடம் குறையே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. ஏழு பேர் முழுசாக நிற்கும்போதும் அதே பொறுமையைக் காட்டுகிறார் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. போனஸுக்குக் காலை நீட்டுகிறவரின் பின்னங்கால் தரையை விட்டு எழுந்தாக வேண்டும். முன்னங்கால் கோட்டைத் தாண்டி, பின்னங்கால் அந்தரத்தில் இருக்கும் அந்தக் கணத்தில் ரெய்டருக்கு நிலையே கிடையாது. அங்கே நம்மவர் இன்னும் துணிய வேண்டும். ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் அவர் பக்கமாகப் போன போனஸ்கள் கொஞ்சம் மலிவாகவே போயின. கடைசி இரண்டு நிமிடம், பின்தங்கியிருக்கிறோம் என்கிற நிலையிலும் நின்றுகொண்டே இருந்தால் வேலைக்காகாது. ஆனாலும் இந்தக் குறையெல்லாம் ஒரு ஆஃப் சீசனில் சரி செய்யக்கூடியவை. அவசரக்காரருக்கு நிதானம் பழக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எந்தக் கோச்சை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சரி, இனி நடக்கப்போவது. நம் நிர்வாகம் இவரை விடுவிக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏலத்தில் 5 கோடி பட்ஜெட்டில் பெரும் பங்கை ஒரு ரெய்டர் மேல் கொட்டும். ரசிகர்களுக்கு மாலை போட ஒரு முகம் வேண்டுமே! சூப்பர் டென் சூப்பர் டென்னாக அடிக்கிற அந்த ரெய்டர் முதல் கட்டத்தில் அடிக்கவும் செய்வார், நாமும் "இந்த முறை நம்ம முறை" என்று பேனர் கட்டுவோம். மூன்றாவது வாரம் அவர் கால் களைக்கும். தாங்கிப் பிடிக்கக் கேட்சர் இருக்க மாட்டார், ஏனென்றால் மிச்சக் காசில் வாங்கிய ஐந்தாறு பேரும் பாய்கிற ரகமாகவே இருப்பார்கள்.

நம்மவர் சி பிரிவில், அடிப்படை விலையான 13 லட்சத்துக்குப் பக்கத்தில் போவார். வாங்கப்போவது வடக்கே இருக்கிற ஏதாவது ஒரு நிதானமான அணி. யார் என்று யூகித்து வைத்திருக்கிறேன், எழுதினால் வம்பு. எஃப்பிஎம் கார்டைத் தூக்கி அவரைத் திரும்பப் பெற நமக்கு வாய்ப்பு இருக்கும். நம் மேசையில் யாரும் தூக்க மாட்டார்கள், அந்த நேரத்தில் எல்லோரும் புதிய ரெய்டரோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போன நம்மவருக்குப் பக்கத்தில் அமைதியான ஒரு கவர் கிடைப்பார். அடுத்த சீசன் பாதி முடிவதற்குள் இதே ஸ்டூடியோவில் இதே முன்னாள் ஆட்டக்காரர் அவரை "மாஸ்டர் ஆஃப் பேஷன்ஸ்" என்பார்.

ஆட்டத்தின் போக்கும் இவர் வழிக்கே வரும் என்று நினைக்கிறேன். இப்போது அணிகள் மூன்றாவது ரெய்டைத் தம் ரெய்டருக்கான சோதனையாக மட்டும் பார்க்கின்றன. இரண்டு மூன்று சீசனில் அதைக் கேட்சர்களின் பொறியாக ஆக்கிவிடுவார்கள். ஐந்து பேரோடு நிற்கும்போது வேண்டுமென்றே இரண்டு ரெய்டைச் சும்மா அனுப்பிவிட்டு, போனஸ் இல்லாத மூன்றாவதற்காகக் காத்திருப்பார்கள். ரெய்டர் தரப்பும் சும்மா இருக்காது: மூன்றாவது ரெய்டுக்கு நட்சத்திரத்தை அனுப்பாமல், கை நீளமான ஒரு மாற்று ஆட்டக்காரரை ஓடிக்கொண்டே தொட்டுத் திரும்ப அனுப்பும் வழக்கம் பரவும். அப்போது கவர் நிலைக்கு உயரமும் தோளும் பார்த்து ஆள் எடுத்த அணிகள் முழிக்கும். சிறு வயதிலிருந்தே மேட்டில் பழகிய பையன்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் வந்துகொண்டிருக்கிறார்கள். நூறு ரூபாய் நோட்டு ஆசை இல்லாமல் வளர்கிற தலைமுறை அது. சென்னை கண்ணகி நகரில் ஒரு மாலை நின்று பயிற்சியைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

நம் அணி? கார்னரை வைத்துக்கொண்டு, வலது கவரை மாற்றி, ஏலப் பணத்தில் நடுத்தர விலைக்கு இரண்டு ரெய்டர் எடுத்தால் பன்னிரண்டு அணிகளில் ஆறாவது இடம் நிச்சயம், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். விடுவித்தால் பதினொன்று. பன்னிரண்டு என்று போட மனசு வரவில்லை. ஏலத்தில் நம்மைவிட மோசமாகச் செலவு செய்ய இன்னோர் அணி கட்டாயம் இருக்கும் என்ற நம்பிக்கைதான்.