முழவில்லாமல் நடப்பவள்

கொல்லிமலைன்னு தேடினால் என்ன வரும்? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாயகங்கை அருவி, சித்தர் குகை, கூடவே 'கொல்லும் மலை' என்றொரு பயமுறுத்தல். பெரும்பாலும் வண்டியில் ஏறி வந்து, பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்கிப் போகிறவர்களின் எழுத்து. செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு நாள் தனியாக நடந்து திரிந்த எனக்கு அதில் எதுவும் பயன்படவில்லை. பயன்பட்டவை இரண்டு சங்கப் பாடல்கள். வன்பரணர் பாடிய புறநானூறு 152, கபிலர் பாடிய நற்றிணை 320. இரண்டிலும் ஓரி வருகிறான், இரண்டிலும் யாரோ நடக்கிறார்கள்.

முதலாவதைப் பலரும் பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தங்கும். வல்வில் ஓரி என்றதும் நினைவுக்கு வருவது இந்த அம்புதான். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதம் அரசு விழாவும் நடக்கிறது. ஆனால் அம்புக்கதை பாட்டின் தொடக்கம் மட்டும்தான். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம்.

நாடு நாடாக நடந்து வரும் இசைக்குழு ஒன்று காட்டு வழியில் இந்த வேடனைப் பார்க்கிறது. யார் இவன், கூலிக்குக் கொல்பவன் மாதிரி தெரியவில்லையே, ஒருவேளை ஓரியோ, இல்லையோ என்று தலைவனுக்குச் சந்தேகம். சந்தேகம் தீராமலே விறலியிடம் 'பாடப் போகிறேன்' என்கிறான். முழவுக்கு மண் பூசச் சொல்கிறான், யாழைப் பண்ணமைக்கச் சொல்கிறான். பாடி முடித்து 'கோ' என்று சொன்னதும் அது தன்னைக் குறிப்பதால் வேடன் நாணுகிறான். உன்னைப் போல வேட்டுவன் இங்கே யாருமில்லை என்று இவர்கள் இழுக்கும்போதே, மேலே பேச விடாமல், மான் இறைச்சிப் புழுக்கும் மதுவும் பொன்னும் மணியும் அந்த வழியிலேயே கொடுத்துவிடுகிறான். கொல்லிக்குத் தலைவன் இவன் என்ற செய்தி பாட்டின் கடைசியில்தான் வருகிறது. அவனும் தன் பெயரைச் சொல்லவில்லை, இவர்களையும் கேட்கவில்லை. நடந்து போகிறவர் கனவு காணும் வரவேற்பு இதுதான், இல்லையா? இந்தப் பாட்டை நம்பித்தான் நானும் மலை ஏறினேன்.

எனக்குக் கிடைத்தது வேறு. செம்மேட்டிலிருந்து சோளக்காட்டுப் பக்கம் நடந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி, சரிவில் மரவள்ளி. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோருமே நல்லவர்கள். எல்லோரும் ஏதாவது கேட்டார்கள். "எந்தூருங்க?" அடுத்து "யாரு வூட்டுக்கு வந்தீங்க?" அதற்கடுத்து, கொஞ்சம் குரல் இறங்கி, "கூட யாரும் வர்லீங்களா?" மூன்றாவது கேள்வி ஆண்களைக் கேட்பதில்லை என்பதை என் நண்பரிடம் பிற்பாடு விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அவரும் அதே சாலையில் நடந்தவர்தான். அவரிடம் கேட்டது, "டீ சாப்புடறீங்களா?"

அன்றிரவு அறையில் நற்றிணை 320-ஐ எடுத்தேன். உண்மையைச் சொன்னால், ஓரி பெயர் வருகிறதே என்பதற்காக மட்டும். பாட்டின் நிலைமை இது: விழா முடிந்துவிட்டது, முழவின் ஓசையும் அடங்கிவிட்டது. இந்த நேரத்தில் தழையுடுத்த இளையவள் ஒருத்தி தெரு வழியே போகிறாள். அவ்வளவுதான், போகிறாள். என்ன நினைத்துப் போனாளோ என்ற கேள்வி எழுகிறது. ஊரே கல்லென்று ஆர்ப்பரிக்கிறது. எப்படி? ஓரியைக் கொன்றுவிட்டு, காரி அந்த ஒரு பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் போல. வீட்டுப் பெண்கள் காவலை இறுக்கி, கணவன்மார்களைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள்.

பரத்தை கூற்று என்று துறை சொல்கிறது. பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1915-இல் நற்றிணையை உரையோடு பதிப்பித்ததிலிருந்து நாம் இதைப் பரத்தை, தலைவி, தலைவன் என்ற முக்கோணத்துக்குள் வைத்தே படித்துப் பழகிவிட்டோம். ஓரி–காரிச் சண்டையைத் தேடும் வரலாற்றுக்காரர்களோ உவமையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் அந்த நடை விட்டுப்போகிறது. ஒரு அரசனைக் கொன்று ஊரைப் பிடித்தவனின் நுழைவும், ஒரு பெண் தெருவைக் கடப்பதும் ஒரே அளவு சத்தத்தை எழுப்புகின்றன என்கிறார் கபிலர். இதை வெறும் நகைச்சுவை மிகை என்று தள்ள எனக்கு மனசில்லை.

இரண்டு பாட்டிலும் முழவு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். 152-இல் மண் பூசி அதைத் தயார் செய்கிறார்கள். அந்தக் குழுவில் விறலி இருக்கிறாள், அவளும் காட்டு வழியில் நடப்பவள்தான், யாரும் பதறவில்லை. ஏனென்றால் அவள் எதற்கு நடக்கிறாள் என்பதை முழவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 320-இல் முழவு ஓய்ந்துவிட்டது. காரணம் இல்லாத நடை. 'எதற்குப் போனாள்' என்ற கேள்வி அந்த மௌனத்தில்தான் முளைக்கிறது.

இதற்கு மறுப்பு சொல்லலாம். விறலி தொழில்முறைக் கலைஞர், அவளை எல்லாப் பெண்களுக்கும் அளவுகோலாக்கக் கூடாது. சரிதான். அதோடு 152 பரிசு வாங்கியவர் பாடியது, வரவேற்பு நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். 320-க்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொல்லியைப் பற்றிப் பயணக் குறிப்பு எழுதும் நாம் எல்லோரும் 152-இன் பிள்ளைகள். 'மலைமக்களின் கள்ளமில்லா விருந்தோம்பல்' என்ற வாக்கியத்தை நானே முன்பு ஒரு பதிவில் எழுதியிருக்கிறேன். வந்தவள் எழுதிய வாக்கியம். தெருவில் நின்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதியதல்ல.

(ஒரு இடைக்குறிப்பு: இன்று அங்கே வாழும் மலையாளி மக்களின் தோற்றக் கதையும் நடைக்கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறினார்களாம். அவர்களும் ஒரு காலத்தில் 'எந்தூரு' என்று கேட்கப்பட்டவர்கள். இதைத் தனியாக எழுத வேண்டும்.)

மறுநாள் ஒரு தந்திரம் செய்தேன். யார் கேட்டாலும் "அறப்பளீஸ்வரர் கோயிலுக்குங்க" என்றேன். முகங்கள் உடனே தளர்ந்தன. மூன்றாவது கேள்வி வரவே இல்லை. கோயில்தான் என் முழவு. பொய் சொன்ன கூச்சத்தில் மதியத்துக்கு மேல் உண்மையிலேயே கோயிலுக்குப் போனேன், அது வேறு விஷயம்.

திரும்பும் வழியில் வீட்டு வாசலில் பாட்டி ஒருத்தர் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டார். களைப்பில் பொய் வரவில்லை. "சும்மா நடக்கறேங்க பாட்டி," என்றேன். என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா நடக்கறதுக்கு இங்க என்ன கெடக்குது?" என்றவர், என் பதிலுக்குக் காத்திருக்காமல் திண்ணையில் பரப்பியிருந்த மிளகைக் கையால் ஒரு பக்கம் ஒதுக்கினார். உட்கார்ந்தேன். அவர் என் பேரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் கடைசி வரை திறந்தே இருந்தது.