படத்தின் பின்பக்கம்

காவிரிப் பாலத்தில் நின்று, சூரியன் இறங்குகிற நேரத்தில் மலைக்கோட்டையைப் படம் எடுக்காத திருச்சிக்காரர் யாராவது உண்டா? என்னிடமும் அப்படிப் பல இருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றுக்கும் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் என் புகார். எடுத்தவர் எந்த வேலையாக அந்தப் பக்கம் போனார், எதைப் பார்த்து நின்றார், அவருக்கே தெரியாமல் ஓரத்தில் வந்து விழுந்தது என்ன என்று துருவுவதில்தான் எனக்கு ருசி.

இந்த ஊரை எடுத்தவர்களில் என் ஓட்டு எப்போதும் லினேயஸ் டிரைப்புக்குத்தான். உடனே நண்பர்கள் சாமுவேல் போர்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணாடி நெகட்டிவ், இலை இலையாக எண்ணலாம், தெப்பக்குளத்துத் தண்ணீரில் பாறை தலைகீழாக நிற்கும் அழகு! எல்லாம் சரி. ஆனால் போர்ன் ஸ்டுடியோ நடத்தி விற்றவர். வாங்குகிறவர் கண்ணால் பார்த்தே எடுத்தார். டிரைப் பட்டாளத்து ஆள். விடுப்பில் இங்கிலாந்து போனபோது ஆசைக்குக் கற்றுக்கொண்டு, 1854இல் பேலூரிலும் ஹளேபீட்டிலும் கை பழகியவர். 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக்கியது. மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று அவர் சுற்றியது அதற்குப் பிறகு. திருச்சிப் படங்கள் 1858இல் எடுத்தவை. சம்பளம் வந்த பிறகும் அமெச்சூரின் கிறுக்கு அவரை விடவில்லை என்பது என் கட்சி.

அவருடைய வானத்தைப் பாருங்கள், தெரியும். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ் நீலத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். பிரிண்ட் போட்டால் வானம் வெறும் வெள்ளைத் தாள். டிரைப் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகத்தைத் தீட்டிவிட்டார். எல்லாப் படத்திலும் இல்லை. வேண்டும் என்று தோன்றிய இடத்தில் மட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேகத்தின் அடி விளிம்பில் தூரிகை நின்ற இடம் பிடிபடும். இதைப் பித்தலாட்டம் என்கிற சுத்த சைவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமராவுக்கு வசப்படாத வானத்தை, அந்த வெயிலில் நின்ற ஆள் வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து திருப்பிக் கொடுக்கிறார். அந்தக் காகிதத்துக்கு நெடுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பதால் நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள்; அசையாமல் உட்கார்ந்தவர் மட்டும் தங்குவார். 1859இல் கவர்னராக வந்த டிரெவெல்யன் இந்தப் புகைப்பட வேலையெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கடையைக் கட்டச் சொல்லிவிட்டார்.

டிரைப்புக்கு அடுத்த இடம், நீங்கள் கேள்விப்பட்டிருக்க முடியாத ஒருவருக்கு. உத்திர வீதியில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருந்த மாமா. பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. கையில் அக்ஃபா கிளிக் த்ரீ. ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு ஒன்றுகூட எடுக்காமல் திரும்புவார். அவர் எடுத்ததில் எனக்கு உயிர், ஸ்ரீரங்கம் கோயில் மொட்டை கோபுரத்தின் அடியில் எடுத்த ஒரு சதுரப் படம். பூக்கூடையோடு ஒரு பெண்மணி யாரோ கூப்பிட்டதுபோல் பாதி திரும்பியிருக்கிறார். இடது ஓரத்தில் சைக்கிள் சக்கரம் பாதி. பின்பக்கம் பென்சிலில், ‘குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வாங்கப் போனபோது.’

“சக்கரம் ஓரத்துல வந்து கெடுத்துடுத்தே மாமா, பிரிண்ட் போடறச்சே வெட்டியிருக்கலாமே” என்றேன்.

“அது என் சைக்கிள்டா. அதை வெட்டிட்டா நான் எப்படி அங்க போனேன்னு யாருக்குத் தெரியும்?”

மொட்டை கோபுரம் 1979இல் வேலை தொடங்கி, 1987 கும்பாபிஷேகத்தில் பதின்மூன்று நிலையோடு 236 அடி ராஜகோபுரமாக நிமிர்ந்தது. அதனால் அந்தப் படம் இன்று ஆவணம். மாமா ஆவணத்துக்காக எடுக்கவில்லை, மருந்துக்கடைக்குப் போனார்.

கொள்ளிடம் இரும்புப் பாலமும் அப்படித்தான். 1928இல் கட்டியது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் வண்டிகள் அங்கே போய்விட, பழையது வாக்கிங் போகிறவர்கள் வசம் வந்தது. நானும் போவேன். காதில் மப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து பேப்பரை நாலாக மடித்துப் படிப்பார். அவருக்காகவே எடுத்தேன், பாலம் சும்மா பின்னால் நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து பாலம் அறுந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தைக் கேட்டவர்கள் எல்லோரும், “பெரியவர் இல்லாமல் பாலம் மட்டும் இருக்கிறதா?” என்றே கேட்டார்கள்.

இப்போது அந்த வசதியும் வந்துவிட்டது. போனில் ஓரத்து ஆளை விரலால் தேய்த்தால் போதும், அழிந்துவிடுகிறார். மாமாவின் சைக்கிள் சக்கரமெல்லாம் ஒரு நொடி தாங்காது. அம்மா மண்டபப் படித்துறையில் விடியற்காலையில் படம் எடுக்கிறவர்கள் கூட்டமாக வந்து, குளிக்கிறவரிடம், “தாத்தா, தண்ணியை இன்னொரு தடவை தூக்கிப் போடுங்க” என்கிறார்கள். அவரும் பாவம், போடுகிறார். பத்துப் பேரிடம் ஒரே படம், ஒரே ஆரஞ்சு வானம். டிரைப் தீட்டிய மேகத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

வாட்ஸ்அப்பில் வருவது இன்னும் மோசம். ‘ராபர்ட் கிளைவ் காலத்துத் திருச்சி’ என்று போன மாதம் ஒரு படம் வந்தது. கிளைவ் செத்த காலத்தில் புகைப்படமே பிறக்கவில்லை. அதில் லூர்து மாதா கோயில் கோபுரம் வேறு ஜம்மென்று நிற்கிறது. அந்தக் கோயிலைக் கட்ட ஆரம்பித்ததே 1890இல். அந்தப் படத்தை யாரோ ஒருவர் எங்கேயோ போகிற வழியில் எடுத்திருப்பார். பெயரும் போச்சு, தேதியும் போச்சு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய செருப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள். நெகட்டிவ் இருந்தால் நெருப்பில் போடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எந்த இடம், எந்த வருஷம், என்ன வேலையாகப் போனபோது எடுத்தது என்று எழுதிவையுங்கள். மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறிவிடும்.