கம்போங் செட்டியில் கேட்ட கதை

ஊர் வரலாற்றை உள்ளூர்ப் பெரியவர் வாயால் கேட்கும் சுகமே தனி. மலாக்கா கஜா பெராங் பக்கத்துக் கம்போங் செட்டியில் அது இன்னும் கிடைக்கிறது. சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழியினரே இங்குள்ள செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை.

பொங்கலுக்கு முதல்நாள் 'போகிப் பார்ச்சு'. முன்னோருக்கு வாழையிலை விரித்து, சோறு, கறி, சம்பால், குவே பலகாரம் என்று அவரவர் உயிரோடிருந்தபோது விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பார்கள். பாட்டனின் நாக்கு ருசியைக்கூட நினைவில் வைத்திருக்கும் வரலாறு எந்தப் பாடநூலில் உண்டு?

தோட்டத் தமிழர் பெருவாரியாக வந்தது பின்னால், 1896இல் டான் சாய் யான் என்ற வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு. பால்மரம் வெட்டியவர்களையும் இப்படி உட்காரவைத்துப் பேசவிட வேண்டும், இப்போதே.

செட்டிகளின் கதை கம்போங்கோடு முடிவதில்லை. நகருக்குள், துக்காங் எமாஸ் சாலையில், அவர்களின் முன்னோர் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.