மலையைக் கண்டவரும் மலையில் வாழ்ந்தவரும்

பயணம் கலைஞனுக்கு ஊற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நீலகிரியைப் பற்றிய ஏடுகளைப் புரட்டினாலோ, பயணி தான் தேடிவந்ததையே பெரும்பாலும் இங்குக் கண்டான் என்பது புலனாகிறது.

1847-இல் நோய் விடுப்பில் உதகை வந்த ரிச்சர்டு பர்ட்டன், 1851-இல் வெளியிட்ட நூலில் தம்மினத்தாரின் பொழுதுபோக்குகளை எள்ளியே பல பக்கங்களை நிரப்பினார். 1874-இல் வந்த ஓவியர் எட்வர்டு லியரின் தூரிகை நுண்மையானது, ஐயமில்லை. ஆயினும் அவருடைய நிலக்காட்சிகளில் மனிதர் பெரும்பாலும் மலையின் உயரத்தை அளந்துகாட்டும் சிற்றுருவங்களே. இவ்விருவருக்கும் நெடுநாள் முன்பு, 1603-இல், இயேசு சபைக் குரு பெனிச்சியோ மலையேறி வந்தார். தோடரிடையே பண்டைக் கிறிஸ்தவத்தின் எச்சம் உண்டென்ற செவிவழிச் செய்தியே அவரை அழைத்து வந்தது. அது இல்லையென்று கண்டார், கண்டவாறே எழுதினார். அந்த நேர்மை பயண இலக்கியத்தில் அரிது.

ராஜம் கிருஷ்ணன் இங்குச் சுற்றிப்பார்க்க வந்தவரல்லர். மின்துறைப் பொறியாளரான கணவரின் பணி நிமித்தம் வந்து குடியிருந்தவர். படகர் வாழ்வைப் பாடும் 'குறிஞ்சித்தேன்' 1963-இல் நூலாயிற்று. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. கோடைக்கு வந்து திரும்புகிறவன் கணக்கில் அடங்காத காலம் அது. அக்காலத்தைப் பொறுமையோடு பின்தொடர்வதே இந்நாவலின் வலிமை. சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் தேயிலை ஏறுகிறது. அணைகளும் மின்சாரமும் வருகின்றன. கூட்டுக் குடும்பத்தில் பணம் புகுந்து உறவுகளைப் பிளக்கிறது. ஜோகி என்னும் ஒருவனின் வாழ்நாளுக்குள் இவையனைத்தும் நிகழ்ந்துவிடுகின்றன. வருணனைக்காக ஆசிரியர் நின்று மலையைப் பார்ப்பதில்லை. அதில் உழுகிறவர்களோடு நடக்கிறார்.

குறை இல்லாமலில்லை. பணப்பயிருக்கு முந்திய நாள்களை அவர் சற்று மிகுந்த கனிவோடு பார்க்கிறார் என்றே எமக்குத் தோன்றுகிறது. அந்நாளிலும் பசி இருந்திருக்குமே!

பின்னாளில் களத்தில் சென்று தங்கி எழுதுவதையே அவர் தம் முறையாக்கிக்கொண்டார். 1978-இல் வந்த 'அலைவாய்க் கரையில்' நம் கடற்கரை மக்களின் கதையாதலால் அதை வாசித்தோர் நம்மிடையே பலர் இருப்பர். அவர்கள் 'குறிஞ்சித்தேனை'யும் கையிலெடுக்கலாம்.

ஒன்று எஞ்சியுள்ளது. 1964 ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த நம் மக்களுக்கு 'குறிஞ்சித்தே'னில் இடமில்லை. அவர்கள் வருமுன்னரே அது எழுதப்பட்டுவிட்டது. லயத்து வீடுகளில் பிறந்து படித்த பிள்ளைகள் இன்று நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் இம்மலையை அறியப் பயணம் செய்யவேண்டியதில்லை, எழுதுகோல்தான் வேண்டும்.