மின்படியும் பாட வேறுபாடும்

பழம்பதிப்புகளையும் தனித்தாள்களையும் நிழற்படங்களையும் ஸ்கேனர் எனப்படும் வருடியால் படமாக்கி, மின்குறிப்புகளாகத் தொகுத்து வைக்கும் வழக்கம் ஆய்வாளரிடைப் பெருகியுள்ளது. இதன் பயன் பெரிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை எண்ணுவார், ஈழத்தில் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலக முயற்சியின் அருமையை உணர்வர். எனவே வருடுதல் வேண்டுமா என்பது ஈண்டு வினாவன்று. வருடிய படத்தினின்று எழுத்துணரி என்னும் மென்பொருள் படித்துத் தரும் எழுத்துப்படியை நூலின் பாடமாகவே கொள்ளலாமா என்பதே வினா. கொள்ளலாகாது என்பது எம் கருத்து. அது புதியதோர் ஏடெழுதுவோன் எழுதிய படி. ஏனைப் படிகளைப் போலவே ஆராய்ந்து கொள்ளற்பாலது.

ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும், காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடும் பல ஏடுகளில் விளங்கா. பதிப்பாசிரியர் பொருளும் யாப்பும் நோக்கி அவற்றைத் துணிந்தனர். 1887இல் உ. வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் இத்தகைய உழைப்பால் வெளிவந்தவையே. அவர்கள் அரிதின் இட்ட புள்ளியை இயந்திரம் எளிதின் நீக்கிவிடுகின்றது. பழந்தாளின் கறையைப் போக்கும்பொருட்டுச் சிறுபொட்டுகளைத் துடைக்கும் ஏற்பாடு மென்பொருள்களில் உண்டு. அதற்குக் கறைப்பொட்டும் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒன்றே. கருமை வெண்மை என்னும் இரு நிறத்தளவில் வருடுமிடத்தும் மங்கிய புள்ளி மறைந்துபோம். ‘கண்’ என்பது ‘கண’ ஆகும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். அச்சேறிய நூல் ஓலையின் நிலைக்கே மீள்கின்றது. ஏடெழுதுவோன் புள்ளியிடாமை மரபு. இதுவோ இட்டதை அழித்தல்.

எழுத்து வடிவாலும் மயக்கம் நேரும். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முந்திய அச்சில் ணா, றா, னா என்பனவும் ணை, லை, ளை, னை என்பனவும் வேறு வடிவின. புதிய வடிவிலேயே பயின்ற எழுத்துணரி அவற்றைப் பிறழ உணரும். தமிழெண்களோ இன்னும் இடர் தருவன. ௧ ககரமாகவும், ௨ உகரமாகவும், ௭ எகரமாகவும், ௮ அகரமாகவும் படிக்கப்படும். பக்கவெண் ‘கஉ’ என்றாகிப் பாட்டின் முதலடியோடு ஒட்டி, எவ்வகராதியிலும் இல்லாத சொல்லொன்றைப் படைத்துவிடவுங் கூடும்.

இவை மெய்ப்புத் திருத்துவார் கவலை மட்டும் எனில் இத்துணை விரித்துரைக்க வேண்டுவதின்று. ‘இச்சொல் இந்நூலில் யாண்டும் இல்லை’ எனத் துணிந்து, அதனைக் காலவாராய்ச்சிக்குச் சான்றாக்கும் போக்கு ஆய்வேடுகளில் தலைகாட்டுகின்றது. அத்துணிவுக்கு அடிப்படை மின்படியில் தேடிப் பெற்ற விடையே. ஒரு சொல் உண்டு என்று இயந்திரம் கூறின், அப்பக்கத்தைத் திறந்து உண்மை காணலாம். இல்லை என்று கூறின் எப்பக்கத்தைத் திறப்பது? பிழையாகப் படிக்கப்பட்ட சொல் தேடலில் அகப்படாது. பிழையின்றிப் படிக்கப்பட்டதும் புணர்ச்சியால் திரிந்து நிற்கலாம். ‘பொன்’ எனத் தேடுவார்க்குப் ‘பொற்குடம்’ தோன்றாது. செய்யுளிற் சீர் பிரித்து அச்சிட்ட இடத்துச் சொல்லே இரண்டாய்ப் பிளவுண்டு கிடக்கும். இன்மைக் கூற்றை எழுதுவோர் நூலை முழுதும் படித்தே எழுதுதல் வேண்டும். இதில் சலுகைக்கு இடமில்லை.

இனிக் குறிப்பெடுக்கும் முறை பற்றிச் சில. துடைக்கப்படாத வண்ணப்படத்தை மூலமாகப் போற்றி, எழுத்துணரியின் படியை அதன் அருகே வைத்தல் வேண்டும். பதிப்பாண்டும் பக்கவெண்ணும் இன்றி நிற்கும் படம் ஆய்வுக்கு உதவாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் உள்ளீடு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைக் குறித்துச் செல்வது நன்முறை. இயந்திரம் படித்ததையும் அங்ஙனமே குறித்தல் தகும். முகவுரையை வீண்பக்கம் என்று விடுத்தல் பெரும்பிழை. சுவடி உதவினோர் யாவர் என்பது சாமிநாதையர் பதிப்புகளில் ஆங்கன்றோ உள்ளது! ஓரத்திற் பழைய புலவரொருவர் எழுதிய கைக்குறிப்பும் வெட்டுண்ணலாகாது. நிழற்படமாயின் பின்புறத்தையும் வருடுக. எடுத்த நாளும் இருப்போர் பெயரும் பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.