கப்பலை நம்ப வைப்பது கடலே: ‘டைட்டானிக்’ பற்றிய ஒரு பார்வை

ஜேம்ஸ் கமரூனின் ‘டைட்டானிக்’ (1997) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் காதற்கதையோடு நின்றுவிடுகின்றனர். அப்படம் பெற்ற 11 ஒஸ்கார் விருதுகளில் ஒன்று காட்சி நுட்பங்களுக்கானது. இல்லாத கப்பலொன்றை இல்லாத கடலில் மிதக்கவிட்டு நம்மை நம்ப வைத்தது எவ்வாறு? நமது நம்பிக்கைக்கு அப்படம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டது? விமர்சனம் கேட்க வேண்டிய வினாக்கள் இவை.

கப்பலைச் சிறிதாக்கலாம், தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. மாதிரிக் கப்பலொன்றைத் தொட்டியில் ஓடவிட்டால், அதன் அணியத்தில் தெறிக்கும் துளி எப்போதும் போன்ற துளிதான். இருபதில் ஒரு பங்கு மாதிரியிலோ அது தேங்காய்ப் பருமனாகத் தோன்றும். செக்கனுக்கு 24 சட்டகங்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 107 சட்டகங்கள் பிடித்து மெதுவாக ஓட்டினால், அலைக்குக் கனதி வரும். ஆனால் துளியின் பருமன் மாறாது. ரோய் வார்ட் பேக்கரின் ‘எ நைட் டு ரிமெம்பர்’ (1958) மிகச் சிறந்த படம். அதிலும் கப்பல் சில கணங்களில் விளையாட்டுப் பொருளாகிவிடுவது இதனாலேயே.

கமரூனுக்காகப் பணியாற்றிய டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தார் வேறு வழியை நாடினர். 882 அடிக் கப்பலுக்கு ஏறத்தாழ 44 அடி மாதிரியொன்றைச் செய்து, தண்ணீரின்றிப் படம்பிடித்து, கணனியில் உருவான கடலை அதன் கீழே விரித்தனர். கமரா அணியத்திலிருந்து கப்பலின் மேலாகப் பின்புறம் வரை பறந்துசெல்லும் பகற்காட்சியில், கடலும் புகையும் தளத்தில் உலாவும் மனிதரும் கணனியின் பிள்ளைகளே. கப்பலிலும் நீரிலும் வெயில் ஒரே திசையிலிருந்து விழுகிறது. கப்பல் கிழித்த நீர் நுரைத்து விலகுகிறது. கடற்கரை ஊரவர்கூட இக்கடலை ஏற்பர். மனிதரின் நடைதான் பொம்மைத்தனமாக உள்ளது.

பிரச்சினை இரவில் எழுகிறது. 1912 ஏப்ரல் 14ஆந் திகதி இரவு நிலவில்லை; கடல் கண்ணாடி போல் அசைவற்றிருந்தது. பனிமலையின் அடியில் அலை உடைந்து வெண்மை காட்டாததும் அது பிந்தித் தென்பட்டதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1500 பேருக்கு மேல் மாண்டது அந்த இருளில்தான். படத்திலோ, கப்பலின் விளக்குகள் அணைந்த பின்னரும் எங்கிருந்தோ ஒரு நீல ஒளி பரவுகிறது. எதுவும் தெரியாத திரையை எவர் பார்ப்பார் என்ற வாதம் நியாயமானதே. ஆயினும், மாண்டோர் கண்ட கடைசிக் காட்சி இதுவல்ல. வானியலாளர் நீல் டிகிராஸ் டைசனின் கண்டனத்தின் பின், 2012இல் மீள்வெளியீடு செய்தபோது ஒரு காட்சியின் விண்மீன்களைக் கமரூன் திருத்தினார். விண்மீன்கள் சரியாயின, இருள் இருளாகவில்லை.

இப்படத்தின் மிகச் சிறந்த இணைப்பு கப்பலில் இல்லை. நீரில் தத்தளிப்போரின் காட்சிகள் உறைகுளிரற்ற தொட்டியில் எடுக்கப்பட்டவை. அவர்களின் வாயிலிருந்து எழும் ஆவி பின்னர் சேர்க்கப்பட்டது. அந்த ஆவி மெல்ல மெல்லக் குறைகையில், உறைநிலைக்கும் கீழான அந்நீரின் கொடுமையை நாம் உணர்கிறோம். நுட்பம் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் மாண்டோரின் பக்கம் நின்ற இடம் அதுவே. 44 அடிக் கப்பல் நம்மை வியக்க வைத்தது. அந்த ஆவி அழ வைத்தது.