மதியச் சாப்பாட்டுக்கு ஆள் இருக்கிறது

யாழ்ப்பாணத்துப் பத்திரிகையை விரித்தாலும் முகநூலைத் திறந்தாலும் அந்தப் படம் வந்துவிடுகிறது. பின்சுவரில் பிளெக்ஸ் பதாகை. அதில் காலமான ஒருவரின் முகம், அல்லது ரொறன்ரோவில் ஐந்து வயதாகும் ஒரு பிள்ளையின் முகம். முன்னால் நீள மேசை, வாழையிலை, இலைக்குப் பின்னால் முதியவர்கள். சிலர் கும்பிட்டபடி இருக்கிறார்கள். இன்னாரின் நினைவாக இன்ன முதியோர் இல்லத்தில் விசேட மதிய உணவு வழங்கப்பட்டது என்று கீழே ஒரு வரி. வட்டுக்கோட்டையிலும் சங்கானை, சித்தங்கேணி, அராலிப் பக்கங்களிலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆட்டத்திவசத்துக்கு முற்றத்தில் பந்தல் போட்டு இனசனத்துக்குச் சோறு போட்ட வழக்கம் தேய்ந்து, காசை அனுப்பி ஏதாவதொரு இல்லத்தில் பந்தி வைக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. இப்போது திவசத்தோடு நிற்பதில்லை. பிறந்தநாள், திருமண நாள், பூப்புனித நீராட்டு விழா, பரீட்சைச் சித்தி என்று எல்லாவற்றுக்கும் இல்லத்தில் சாப்பாடு.

நன்மை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2022இல் நாடே எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது இல்லங்களில் அடுப்பு எரிந்ததற்கு வெளிநாட்டுக் காசும் ஒரு காரணம். அன்றைய பகலில் நாலு புதுமுகங்கள் வந்து போவதும் அங்கே இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று கும்பிடுகிற மண்ணில் சோறு போடுவதைக் குறை சொல்ல நா எழாது. எனக்கும் சோற்றோடு சண்டையில்லை.

இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயங்களோடுதான் சண்டை. வாய் திறந்தால் உடனே வருகிற பதில், "இதையாவது செய்யினம்தானே, நீர் என்ன செய்தனீர்?" என்பது. அதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் படித்தவர்கள் மணிமேகலையைக் கூப்பிடுவார்கள். அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று நம்புகிறவர்களுக்கு அது கைக்கு எட்டிய சான்று. ஆனால் அந்தக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்று ஒரு காதை இருக்கிறது. மணிமேகலை சிறைக்குள் போய்ச் சோறு போடுகிறாள். சோழ மன்னன் மகிழ்ந்து என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவள் கையில் இருப்பது வற்றாத பாத்திரம். நாளைக்கும் மறுநாளைக்கும் வந்து போட்டுக்கொண்டே இருக்கலாம். அவளோ சிறையை அறக்கோட்டமாக மாற்றும்படி கேட்கிறாள். எங்கள் பேச்சாளர்கள் பாத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

என்னுடைய ஆட்சேபம் பழையது. கொடுப்பவர்கள் மதியத்துக்குக் கொடுக்கிறார்கள். முதியோர் இல்லம் ஒன்றின் தரம் தெரிவது இரவில்.

பகலில் எந்த இல்லமும் ஓரளவு நன்றாகவே இருக்கும். சமையற்காரர் இருப்பார், நிர்வாகி இருப்பார், வருவோர் போவோர் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். படுக்கையோடு இருக்கும் ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தாதிமாருக்குப் பாலபாடம். புரட்டாவிட்டால் முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிக்காலிலும் தோல் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு திறந்துகொள்ளும். திறந்த படுக்கைப்புண் ஆற மாதங்கள் எடுக்கும். பலருக்கு ஆறாமலே முடிந்துவிடும். ஒரு கணக்குப் போடுவோம். படுக்கையில் பத்துப் பேர் என்று வையுங்கள். ஒருவரைப் புரட்டி, நனைந்திருந்தால் பம்பர்ஸ் மாற்றி, துடைத்து, விரிப்பை இழுத்துச் சரிசெய்யப் பத்து நிமிடம். நோகாமலும் தோல் உரியாமலும் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரு சுற்று முடிய நூறு நிமிடம் போகும். இருபது நிமிடத்தில் அடுத்த சுற்றுத் தொடங்க வேண்டும். அதாவது, இரண்டு பேர் இரவு முழுவதும் இருக்காமல் நடந்தால்தான் பத்துப் பேரின் தோல் தப்பும். அந்த இரண்டு பேரின் சம்பளத்தை எந்தத் திவசமும் கொடுப்பதில்லை.

இன்னொன்று, வெளியில் தெரியாதது. நடக்கத் தள்ளாடும் ஆச்சிமார் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் இரவில் எழும்ப வேண்டும், எழும்பினால் யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் ஏச்சு விழும், கூப்பிடாமல் தனியே போனால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஆகவே குடிப்பதில்லை. உடம்பு வறண்டு சிறுநீர்த் தொற்று வருகிறது, தொற்றோடு மனம் தடுமாறுகிறது, ஆச்சிக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று எழுதி முடித்துவிடுகிறோம். பத்துக் கறியோடு போட்ட மதியச் சோறு இதில் எந்தக் கண்ணியையும் அறுப்பதில்லை. இரவில் முகம் சுளிக்காமல் எழும்பி வரும் ஒருத்தி இருந்தால் அறுந்துவிடும்.

அந்த மதியச் சோறாவது அவர்களுக்கென்று சமைத்ததா? சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயசம். அது விருந்தாளிக்கான பட்டியல். சலரோகக்காரருக்குப் பாயசம், பாரிசவாதத்தில் தொண்டை இழுத்தவருக்கு வடை. விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் குழைத்த கஞ்சியை நிமிர்த்தி இருத்திக் கரண்டி கரண்டியாக ஊட்ட அரை மணித்தியாலம் வேண்டும். அந்த அரை மணித்தியாலம் படத்துக்குள் வராது. ஆடி அமாவாசைக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் திகதி பிடிக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள், தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவைப் பதிவுசெய்ய யாரும் தொலைபேசி எடுப்பதில்லை.

இல்லத்தில் இருப்பவருக்கு வருத்தம் கடுமையாகிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது இந்தக் குறை இன்னும் பச்சையாகத் தெரியும். எங்கள் ஆசுப்பத்திரிகளில் நோயாளியோடு ஆள் நிற்பது எழுதாத விதி. தாதிமாரைக் குறை சொல்ல இடமில்லை, விடுதி நிரம்பி வழிகிறது. ஊசியும் மருந்தும் அவர்கள் பார்ப்பார்கள். முகம் கழுவ, பெட்பான் வைக்க, ஊட்ட, எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போக வீட்டாள் வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்திருக்கும் ஒருவருக்கு யார் நிற்பது? இல்லம் தன் இரவுப் பணியாளை அனுப்பினால் அங்கே ஒரு கை குறையும். காசுக்கு ஆள் பிடித்தால் இரவுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். விசேட மதிய உணவென்று எழுதி வந்த காசை இதற்கு எடுக்க நிர்வாகிக்குத் துணிவு வராது, கொடுத்தவர் படம் கேட்பார்.

கொடுப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாதென்றால் மன்னிக்கலாம். தெரியும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் எங்கள் ஆட்களில் எத்தனை பேர் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள்! இரவு ஷிப்ட் செய்கிறவர்கள், புரட்டிய நேரத்தை அட்டவணையில் குறித்துக் கையெழுத்து வைக்கிறவர்கள், ஒரு சிவப்புத் தழும்பைக் கண்டால் காலையில் பொறுப்பேற்பவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 2021இல் இயற்றிய நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம் ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது. பதிவு பெற்ற தாதி ஒருவர் இருபத்துநாலு மணித்தியாலமும் இல்லத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் ஆசுப்பத்திரி பற்றி 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கை நோயாளிகளுக்குக் கைக்கு எட்டாத தூரத்தில் சாப்பாடும் தண்ணீரும் வைக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. சாப்பாடு இருந்தது, ஆள்தான் இல்லை. இதையெல்லாம் தொழிலாகவே அறிந்த ஒருவர் தன் தாயின் நினைவுக்குப் பலகாரப் பட்டியலை வட்ஸ்அப்பில் சரிபார்க்கிறார். அங்கே அளவுகோலாக வைத்திருப்பதை இங்கே கேட்கக்கூடத் தோன்றுவதில்லை. ஊரில் இருக்கும் முதியவர்கள் கொஞ்சம் குறைந்த உடம்போடு பிறந்தவர்களா?

வட்டுக்கோட்டைக்காரர் இதற்கு அமெரிக்கா வரை போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவே இங்கு வந்தது. 1847இல் வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் தங்கியது இங்கேதான். அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குப் போனார். அவர் மிஷனறி, அவருடைய நோக்கங்கள் பற்றி வேறு விவாதம் இருக்கிறது. ஆனால் மருந்து கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார், அவர்களில் பாதிப்பேரளவில் தமிழிலேயே பயின்றவர்கள். அவர்களுக்காக இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல்கள் அச்சாகின. அவர் விட்டுப் போனது பயின்ற கைகளை. பக்கத்து மூளாயில் 1930களில் ஊரார் கூட்டுறவு முறையில் ஓர் ஆசுப்பத்திரியையே எழுப்பினார்கள். அது ஒருவரின் ஒரு நாள் புண்ணியத்தில் எழும்பியதல்ல, பலர் சேர்ந்து பங்கு போட்டது. சம்பளம் கொடுக்கவும் கட்டில் வாங்கவும் கூரை வேயவும் அந்த முறைதான் உதவும்.

பயின்ற கைகள் இப்போதும் இந்த மண்ணில் உருவாகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் பராமரிப்பாளர் பாடநெறி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. முடித்த பிள்ளை இஸ்ரேலுக்கோ யப்பானுக்கோ போகிறது. சரிதான், அங்கே சம்பளம் இருக்கிறது. இங்கே இரவெல்லாம் நடக்கிற வேலைக்குக் கொடுப்பதைச் சொன்னால் வெட்கம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். அதற்குப் பிறகு இளையவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், முதியவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உதவி செய்து வீடியோ போடுகிறவர்களை ஊர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஏசிவிட்டது. "ஆச்சி, இஞ்சாலை பாருங்கோ, கையைக் கூப்புங்கோ" என்று சொல்லிச் சோறு ஆறும்வரை இருத்திவைப்பதை ஏசினவர்கள், அதே படம் பதாகையோடும் தேவாரத்தோடும் வந்தால் இதயக்குறி போடுகிறார்கள். முன்பின் தெரியாத பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தொண்ணூறு வயதுக்காரி கேக் வெட்டுவதில் யாருக்கு என்ன சந்தோசம் என்று எனக்கு விளங்கவில்லை. சில நாட்களில் எனக்குத் தோன்றுவது இதுதான்: இது அன்னதானமே இல்லை, படத்துக்காக ஒரு பந்தியை வாடகைக்கு எடுப்பது. இது எல்லோருக்கும் பொருந்தாது என்பது தெரியும். பொருந்துகிறவர்களுக்குப் பொருந்தட்டும்.

இவர்கள் பக்கத்தில் கனமான வாதம் ஒன்றுதான் இருக்கிறது: நம்பிக்கை. சம்பளத்துக்கென்று கொடுத்தால் காசு எங்கே போகிறதென்று தெரியாது, சாப்பாடென்றால் கண்ணால் காணலாம். உண்மை. பொதுக்காசு கரைந்த கதைகளை நாங்கள் நிறையக் கண்டிருக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதற்குத்தான் கொடுப்பேன் என்றால் தெரியச் செய்யும்படி கேட்கலாமே. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இல்லங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. பதிவுத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டுகிற சுவரிலேயே இன்றிரவு கடமையில் யார் யார் என்றும், படுக்கையில் எத்தனை பேர், புண்ணோடு எத்தனை பேர் என்றும் மாதாமாதம் எழுதி ஒட்டலாம். லண்டனில் இருந்து ஒரு வட்ஸ்அப் அழைப்பில் இரவு பதினொரு மணிக்கு அந்தச் சுவரைக் காட்டச் சொல்லலாம். கேக்கைக் காட்டச் சொல்லும் அதே கருவிதான்.

நிர்வாகங்களும் இதில் நிரபராதிகள் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, இரவுப் பராமரிப்பாளர் ஒருவரின் மாதச் சம்பளம் இவ்வளவு, ஆசுப்பத்திரியில் ஒரு கிழமை ஆள் நிற்க இவ்வளவு, காற்று மெத்தை ஒன்று இவ்வளவு என்று எழுதத் தெரியாதா? திகதி கேட்டு அழைப்பவரிடம் முதலில் இந்தப் பட்டியலை நீட்ட வேண்டும். சாப்பாட்டை அதற்குப் பிறகு பேசலாம். கொடுப்பவர் கோபித்துக்கொண்டு அடுத்த இல்லத்துக்குப் போய்விடுவார் என்பது அவர்களுடைய பயம். போகட்டும். அங்கேயும் அதே பட்டியலை நீட்டினால் எங்கே போவார்? வலிகாமத்து இல்லங்களின் பொறுப்பாளர்கள் ஒன்றாக இருந்து அந்தப் பட்டியலை எழுதி முடிக்க ஒரு பின்னேரம் போதும்.